அனிதா மல்ஃபாத்தியை எந்தக் கட்டுரையும் வீழ்த்தவில்லை

பிரேசிலின் நவீன ஓவிய வரலாற்றை எங்கே படித்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு கதை வந்துவிடுகிறது. 1917 டிசம்பர், சாவோ பாவுலோ நகரம். பெர்லினிலும் நியூயார்க்கிலும் படித்துத் திரும்பிய 28 வயது அனிதா மல்ஃபாத்தி தன் படங்களைக் காட்சிக்கு வைக்கிறார். மஞ்சள் முகமும் பச்சைத் தலைமுடியுமாக அங்கே தொங்கிய மனிதர்களைப் பார்த்து ஊர் திகைக்கிறது. எழுத்தாளர் மொன்தெய்ரோ லொபாத்தோ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதுகிறார். விலைபோன படங்கள் திரும்பி வருகின்றன. அனிதா உடைந்துபோகிறார். அதன்பின் அவர் வரைந்ததெல்லாம் பயந்துபோன ஒருவர் வரைந்தவை. கதை இங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 47 ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார், அவற்றில் பெரும்பகுதியைத் தூரிகையோடு கழித்தார் என்பதற்கு இந்தக் கதையில் இடமில்லை.

இதை நான் ஏற்கவில்லை. தேதிகள் இதற்கு ஒத்துவரவில்லை, படங்கள் ஒத்துவரவில்லை, அனிதாவின் வாழ்க்கையும் ஒத்துவரவில்லை. அதைவிட முக்கியமானது, ஒரு பெரிய ஓவியரின் முழு வாழ்வையும் இன்னொருவர் எழுதிய சில பத்திகளின் பின்விளைவாகச் சுருக்குவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. லொபாத்தோ செய்த அநீதியைவிட அது பெரிது. லொபாத்தோவின் கட்டுரை ஒரு கண்காட்சியைத்தான் தாக்கியது. அனிதாவுக்காகப் பரிந்து பேசியவர்கள் பரப்பிய கதை அவருடைய மீதி வாழ்நாளையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

லொபாத்தோவுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. அந்தக் கட்டுரை கொடூரமானது. புதிய ஓவியப் போக்குகளை மனநோய் விடுதிகளின் சுவர்களில் கிறுக்கப்பட்ட படங்களோடு ஒப்பிட்டது அது. இயற்கையை உள்ளபடி பார்ப்பவர்கள் ஒரு வகை, கோணலாகப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை என்று கலைஞர்களை இரண்டாகப் பிரித்து, அனிதாவை இரண்டாவது கூட்டத்தில் தள்ளியது. கியூபிசம், ஃபியூச்சரிசம் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசியது. இதில் மன்னிக்க எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டுரையைக் கடைசி வரை படித்தவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அனிதாவிடம் அசாதாரணமான திறமை இருக்கிறது என்றும் அதே கட்டுரை ஒப்புக்கொள்கிறது. பெண்கள் வரைந்தால் ஆண்கள் பொய்யாகப் பாராட்டிவிட்டுப் போவார்கள், இவரை உண்மையான கலைஞராகக் கருதுவதால்தான் நான் கடுமையாகப் பேசுகிறேன் என்றும் லொபாத்தோ எழுதினார். அது அவருடைய தாக்குதலை நியாயப்படுத்திவிடாது. ஆனாலும் கதையில் வரும் லொபாத்தோ வேறு, கட்டுரையில் இருக்கும் லொபாத்தோ வேறு. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 1917 டிசம்பர் 20 அன்று 'ஓ எஸ்தாதோ தெ சாவோ பாவுலோ'வின் மாலைப் பதிப்பில் அந்தக் கட்டுரை வந்தபோது, மல்ஃபாத்தி கண்காட்சி பற்றி என்ற பொருளில் ஒரு சாதாரணத் தலைப்பே அதற்கு இருந்தது. 'மனப்பிறழ்வா, ஏமாற்றா?' என்று எல்லோரும் இன்று மேற்கோள் காட்டும் தலைப்பு 1919இல் அது புத்தகத்தில் சேர்ந்தபோது வந்தது. சவுக்கடி போன்ற அந்தச் சொற்களைக் கண்காட்சி நாட்களில் யாரும் பார்த்திருக்கவே முடியாது. கண்காட்சியும் அந்தக் கட்டுரையோடு இழுத்து மூடப்படவில்லை. டிசம்பர் 12 அன்று லீபெரோ பதாரோ தெருவில் 53 படைப்புகளோடு தொடங்கி, ஜனவரி 10 வரை நடந்தது.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன்.

அனிதாவின் தந்தை இத்தாலியப் பொறியாளர். தாய் ஜெர்மானிய, அமெரிக்க வழியில் வந்தவர், ஓவியமும் மொழிகளும் கற்பித்தவர். தாய்மாமன் ஜோர்ஜ் குருக் கொடுத்த பணத்தில் 1910இல் அனிதா பெர்லின் போனார். அங்கே லோவிஸ் கொரிந்திடம் படித்தார். வண்ணத்தை அடித்து வீசுவதுபோல் கித்தானில் இடும் பழக்கம் கொரிந்திடம் உண்டு. 1912இல் கொலோன் நகரில் நடந்த சோண்டர்பண்ட் கண்காட்சியை அனிதா பார்த்தார். வான் கோவின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், செசான், கொகேன், முங்க், பிக்காஸோ எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் அது. 1914இல் ஊருக்குத் திரும்பி மாப்பின் அங்காடியில் முதல் தனிக் கண்காட்சி நடத்தினார். அரசு உதவித்தொகைக்கு முயன்று கிடைக்காமல் நியூயார்க் போய், ஹோமர் பாஸ் நடத்திய சுதந்திரக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1915 கோடையில் பாஸ் மாணவர்களை மெய்ன் மாநிலக் கடலில் இருக்கும் மொன்ஹீகன் தீவுக்கு அழைத்துப் போனார். அந்தத் தீவின் காற்றும் பாறையும் கலங்கரை விளக்கமும் அனிதாவின் கித்தானில் அலறுகின்றன. 'மஞ்சள் மனிதன்', 'பேதைப்பெண்', 'பச்சைக் கூந்தல் பெண்', 'ரஷ்ய மாணவி' எல்லாம் 1915, 1916 ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்தவை.

1916 ஆகஸ்டில் திரும்பி வந்தார். படங்களை முதலில் பார்த்தது குடும்பம். வீட்டில் ஏமாற்றம், முகச்சுளிப்பு. படிக்கப் பணம் கொடுத்த மாமனே கொதித்துப்போனார். அனிதா அந்தப் படங்களைச் சில காலம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். அந்த மாதங்களில் அவர் வரைந்தவற்றின் போக்கு வேறு. 1917இல் வரைந்த 'ட்ராப்பிகல்' படத்தைப் பாருங்கள். பழக்கூடையோடு நிற்கும் பெண், பின்னால் வெப்பமண்டலத் தாவரங்கள். உருவம் கட்டுக்கோப்பானது, கோடு அடங்கியது, வண்ணம் பொருளின் இயல்பான நிறத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முகம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறவில்லை. எதை வரைவது என்ற கேள்விக்கு இந்த மண்ணின் மனிதர்கள், இந்த மண்ணின் பழங்கள் என்று பதில் சொல்லும் படம். இது 1917 கண்காட்சியிலேயே தொங்கியது. அதாவது லொபாத்தோ பேனாவை எடுப்பதற்கு முன்பே அனிதா மொன்ஹீகனிலிருந்து விலகி நடக்கத் தொடங்கியிருந்தார்.

இந்த ஒரு படமே கதையின் அச்சாணியைக் கழற்றிவிடுகிறது. விளைவு காரணத்துக்கு முன்னால் வர முடியாது. கலை வரலாற்றாசிரியர் தாதெவு கியாரெல்லி 1995இல் வெளிவந்த தன் நூலில், லொபாத்தோவை வில்லனாக்கிய மரபுக்கதையைக் கேள்விக்கு உட்படுத்தி இதைச் சுட்டிக்காட்டினார். அதன்பின்னும் பழைய கதையே மேடைகளில் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குடும்பத்தின் வெறுப்புதான் காரணம் என்று உடனே கதையை மாற்றிச் சொல்லவும் சிலர் முனையலாம். லொபாத்தோவின் இடத்தில் மாமனை உட்கார வைப்பதால் எதுவும் சரியாகிவிடாது. யாரோ ஒருவர் திட்டியதால்தான் ஒரு பெண் தன் ஓவியத்தை மாற்றியிருக்க முடியும் என்ற அடிப்படை எண்ணமே தவறு.

கட்டுரைக்குப் பின் நடந்ததும் கதைக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. உடைந்து ஒதுங்கியவர் என்றால் 1922 பிப்ரவரியில் நகராட்சி நாடக அரங்கில் பிரேசில் நவீனர்கள் கூடி நடத்திய நவீன கலை வாரத்தில் அவர் ஏன் வந்து நின்றார்? ஒதுங்கி ஒரு மூலையில் நிற்கவுமில்லை. 'மஞ்சள் மனிதன்' உட்பட, ஊர் சிரித்த அதே படங்களை மறுபடியும் கொண்டுவந்து மாட்டினார். 1921, 1922 ஆண்டுகளில் அவர் வரைந்த கவிஞர் மாரியோ தெ அந்த்ராதெயின் உருவப்படங்களில் வண்ணம் துணிச்சலாகக் கிடக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். அதே காலத்தில் 'ஐவர் குழு' என்ற சிறு சித்திரத்தில் தன்னையும், மாரியோவையும், எழுத்தாளர்கள் ஓஸ்வல்த் தெ அந்த்ராதெயையும் மெனோத்தி தெல் பிக்கியாவையும், ஓவியர் தர்சிலா தோ அமராலையும் ஓர் அறையில் உருண்டு கிடப்பவர்களாக, பியானோ வாசிப்பவர்களாக வரைந்து வைத்தார். அஞ்சி அடங்கியவர் கையில் அந்தக் கொண்டாட்டம் வராது. ஓஸ்வல்தின் நாவல் ஒன்று 1922இல் லொபாத்தோவின் பதிப்பகத்திலிருந்து வெளியானபோது அதன் அட்டைப்படத்தை வரைந்தவரும் அனிதாதான். ஜன்மப் பகைவர்கள் என்று நமக்குக் காட்டப்படும் இருவர் ஒரே புத்தகத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

இடையில் அவர் பெத்ரோ அலெக்ஸாந்திரினோவிடம் பாடம் கேட்கப் போனதைத்தான் சரணாகதிக்கான பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அலெக்ஸாந்திரினோ பழைய பாணி ஓவியர். செப்புப் பாத்திரம், பழம், மீன் என்று மேசைமேல் பொருட்களை அடுக்கி வரைவதில் பேர்பெற்றவர். நவீன ஓவியர் ஒருவர் போய்ச் சேர வேண்டிய இடமா அது என்று கேட்கிறார்கள். தர்சிலாவும் அதே வீட்டில்தான் படித்தார். அனிதாவும் அவரும் அறிமுகமானதே அங்கேதான். தர்சிலாவின் வரலாற்றில் அந்தப் பாடங்கள் பயிற்சி. அனிதாவின் வரலாற்றில் மட்டும் அவை தோல்வியாகிவிடுகின்றன.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கதை சொல்பவர்கள் அதைப் பேசுவதே இல்லை. தர்சிலா காப்பித் தோட்ட உடைமையாளரின் மகள். அனிதாவின் தந்தை அவர் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார்; தாய் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். அனிதாவும் வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுத்தே சம்பாதித்தார். அன்றைய சாவோ பாவுலோவில் சுவரில் மாட்ட விலை கொடுத்து வாங்கப்பட்டவை பூக்களும் பழங்களும் நிலக்காட்சிகளும்தான். வசதியில்லாதவர் வெளிநாடு போய்ப் படிக்க முக்கிய வழி மாநில அரசின் ஓவியர் உதவித்தொகை. அதன் சாவி ஃப்ரெய்தாஸ் வல்லெ போன்ற செல்வாக்கானவர்கள் கையில் இருந்தது. 1914இல் கைக்கு எட்டாமல் போன அந்தத் தொகை 1923இல்தான் அனிதாவுக்குக் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பழைய பாணியின் நுணுக்கங்களையும் கற்றுக்கொண்டார் என்றால், அதை விளங்கிக்கொள்ள மனக்காயம் தேவையில்லை. வீட்டு வாடகையும் விண்ணப்பப் படிவமும் போதும்.

பாரிஸ் ஆண்டுகளைப் பற்றி எழுதும்போதுதான் இந்தக் கதையின் பிழை முழுதாகத் தெரிகிறது. 1923 முதல் 1928 வரை அனிதா அங்கே இருந்தார். பிரெஞ்சு ஓவியர் மொரிஸ் தெனியிடம் கற்றார், மத்தீஸின் படங்களை உன்னிப்பாகப் பார்த்தார், பாரிஸின் பெரிய ஆண்டுக் கண்காட்சிகளில் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 'மொனாக்கோவில் ஓர் அறை' என்ற படத்தில் அறையின் தரை, சுவர், சன்னல் எல்லாம் தட்டையான வண்ணப் பரப்புகளாக விரிகின்றன. ஒவ்வொரு பொருளும் மற்றொன்றின் நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. இதில் மொன்ஹீகனின் புயல் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்றைய பாரிஸில் யார் படத்தில் புயல் இருந்தது? இத்தாலிய ஃபியூச்சரிஸ்ட் ஜீனோ செவெரினி 1916இலேயே குழந்தைக்குப் பாலூட்டும் தாயைப் பழைய ஆசான்கள் போல வரைந்துவிட்டார். கியூபிசத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிக்காஸோ 1917க்குப் பின் தன் மனைவி ஓல்காவை பழைய பிரெஞ்சு ஓவியர் ஆங்கிரின் மாணவர் போல வரைந்தார். முதல் உலகப்போர் ஐரோப்பாவின் கலையில் ஒரு களைப்பையும் ஒழுங்குக்கான ஏக்கத்தையும் விட்டுச் சென்றிருந்தது. அவான்-கார்ட் இயக்கமே அந்தப் பக்கம் திரும்பியது. ஐரோப்பிய முன்னணிக் கலையோடு தொடர்ந்து உரையாடிக்கொண்டிருந்த ஒருவர் அந்தத் திருப்பத்தையும் கவனித்தார், தன் வழியில் பதில் சொன்னார். பிக்காஸோவின் திருப்பத்தைப் புதிய காலகட்டம் என்று எழுதுகிறோம். தர்சிலா 'அபபோரு' ஓவியத்திலிருந்து 1933இல் 'தொழிலாளர்கள்' படத்துக்கு மாறியதை அரசியல் விழிப்பு என்று எழுதுகிறோம். அனிதா மாறினால் மட்டும் யார் அடித்தார்கள் என்று தேடுகிறோம்.

இந்தத் தேடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1917 கண்காட்சிக்கு மாரியோ தெ அந்த்ராதெ முதன்முதலில் வந்தபோது படங்களைப் பார்த்து உரக்கச் சிரித்தார். பிறகு திரும்பி வந்து 'மஞ்சள் மனித'னில் மனதைப் பறிகொடுத்தார், 1922இல் அதை வாங்கவும் செய்தார். ஓஸ்வல்த் கண்காட்சி முடிந்த மறுநாளே, 1918 ஜனவரி 11 அன்று, நாளிதழில் அனிதாவுக்கு ஆதரவாக எழுதினார். இந்த இளைஞர்கள் அனிதாவை உண்மையாக நேசித்தார்கள்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஓர் இயக்கத்தையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இயக்கத்துக்குத் தொடக்க நாள் வேண்டும், எதிரி வேண்டும், பலியானவர் ஒருவரும் வேண்டும். 1917 தொடக்கமானது, லொபாத்தோ எதிரியானார், அனிதா பலியானார். பிற்கால விமர்சகர்கள் அவருக்கு முதல் தியாகி என்ற பட்டமே கொடுத்தார்கள். மாரியோ த சில்வா பிரித்தோ 1958இல் எழுதிய வரலாறு போன்ற நூல்கள் இந்தக் காட்சியை நவீனத்துவத்தின் நுழைவாயிலாக நிலைநிறுத்தின. தியாகிக்கு ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பது வாசகருக்குத் தேவைப்படாது. அந்த நூல் வந்தபோது அனிதா உயிரோடு இருந்தார், வரைந்துகொண்டும் இருந்தார்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. அனிதாவே அந்தக் காயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிரேசிலுக்கு நவீனக் கலை வந்த விதம் பற்றி 1951இல் ஆற்றிய உரையில் அன்றைய அவமானங்களை அவர் நினைவுகூர்ந்தார். விற்ற படங்களில் ஐந்து திரும்பி வந்ததும் நடந்ததுதான். அவருக்கு வலித்தது, வலிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் வலித்தது என்பதும் அந்த வலிதான் தூரிகையைப் பிடித்தது என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். முதலாவதற்குச் சாட்சி இருக்கிறது. இரண்டாவதற்கு ஊகம் மட்டுமே இருக்கிறது.

அந்த ஊகத்துக்கு வலுச்சேர்க்க அவருடைய உடலையும் இழுக்கிறார்கள். பிறவியிலேயே வலது கை குறையுள்ளதாக இருந்தது. மூன்று வயதில் இத்தாலியில் செய்த அறுவை பலன் தரவில்லை. இடது கையால் எழுதவும் வரையவும் பழகினார். கூச்ச சுபாவம், பலவீனமான உடல், அதனால் ஒரு விமர்சனத்தைத் தாங்க முடியவில்லை என்று போகிறது அந்த விளக்கம். அவர் பிற்காலத்தில் சொன்ன ஒரு சிறுவயது நினைவை இங்கே வைக்க வேண்டும். பதிமூன்று வயதில் தான் என்ன ஆக வேண்டும் என்று புரியாமல் தவித்த அவர், ரயில் பாதைக்குப் போய்ச் சடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டார். ரயில் அவருக்கு மேலே ஓடிப்போனது. அந்த இரைச்சலிலும் அதிர்விலும் வண்ணங்கள் கண்முன் கீறிக்கொண்டு போவதைக் கண்டதாகவும், ஓவியம்தான் தன் வழி என்று அப்போதே முடிவெடுத்ததாகவும் சொன்னார். தன் வாழ்க்கையின் திசையை ரயிலுக்கு அடியில் படுத்துத் தீர்மானித்த ஒரு பெண்ணின் மீது நாளிதழ்க் கட்டுரைக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது என்று நம்பச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை.

1928இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் நவீனர்களை விட்டு விலகவில்லை. 1931இல் ரியோவில் கட்டடக்கலைஞர் லூசியோ கொஸ்தா நவீனர்களுக்குக் கதவு திறந்துவிட்ட ஆண்டுக் கண்காட்சியில் பங்கெடுத்தார். சாவோ பாவுலோவின் நவீனக் கலைச் சங்கத்தில் இருந்தார். 1940களில் ஓவியர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1951இல் நடந்த முதல் சாவோ பாவுலோ பியனாலிலும் அவர் படங்கள் இருந்தன. படிப்படியாக அவருடைய கித்தானில் சிற்றூர்கள் வந்தன: தேவாலய ஊர்வலம், ஜூன் மாதத் திருவிழா, தெருவில் கூடி நிற்கும் சனங்கள், படிக்காத கை வரைந்தது போன்ற எளிய உருவங்கள். 1955இல் சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. என் விருப்பப்படி வரையும் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டேன் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார்கள். அப்போது அவருக்கு 65 வயது. 'மஞ்சள் மனிதன்' தன்னைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதையே திரும்பத் திரும்ப வரைந்திருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள் என்றும் தெரிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

அந்தக் கடைசிக்காலப் படங்கள் எல்லாமே சிறந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றில் உருவங்கள் வெறும் அடையாளங்களாக நின்றுவிடுகின்றன. சில திருவிழாக் காட்சிகளில் வண்ணம் இனிப்பாகிவிடுகிறது. பாரிஸில் வரைந்த சில சமயப் படங்களில் மொரிஸ் தெனியின் நிழல் அதிகம். இவற்றின் முன் நின்று, இந்தக் கோடு ஏன் தளர்கிறது, இந்தச் சிவப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று விவாதிக்கலாம். 1915இன் படங்களே மேல் என்று முடிவுக்கும் வரலாம்; நானும் 'பேதைப்பெண்'ணுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன். அப்படிச் சொல்வது ஓவியத்தைப் பற்றிய தீர்ப்பு. அனிதாவின் பிந்தைய படம் ஒன்றின் பக்கத்தில் 1917 டிசம்பர் 20 என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துபோவது, படத்தையே பார்க்காமல் நகர்ந்துபோவது.